விசாகா யார்?

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு 'விசாகா கமிட்டி' பழகிய சொல். பேராசிரியர் மீது ஆராய்ச்சி மாணவி புகார், காவல்துறை உயரதிகாரி மீது பெண் அதிகாரி புகார், வங்கி மேலாளர் மீது ஊழியர் புகார் என்று எந்தச் செய்தியானாலும் மூன்றாவது பத்தியில் அது வந்து நிற்கும். 'விசாகா கமிட்டி அமைக்கப்பட்டுள்ளது.' 'விசாகா கமிட்டி அறிக்கை தாக்கல் செய்தது.' யார் இந்த விசாகா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு வகையான பதில் வரும். முதல் வகையினர் அவரை நீதிபதி ஆக்கிவிடுவார்கள். இந்த நாட்டில் கமிட்டி, கமிஷன் என்றால் தலைவர் பெயர்தான் ஒட்டிக்கொள்ளும்: மண்டல் கமிஷன், சர்க்காரியா கமிஷன், கேரளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி. அந்த வரிசையில் விசாகா அம்மையாரும் ஓய்வுபெற்ற நீதிபதியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வகையினர் அவரைப் பாதிக்கப்பட்ட பெண் என்பார்கள். நிர்பயா நிதி என்று ஒன்று இருக்கிறதே, அதுபோல இதுவும் என்பது அவர்கள் கணக்கு.

இரண்டும் இல்லை. விசாகா என்பது ஜெய்ப்பூரைச் சேர்ந்த ஒரு பெண்கள் அமைப்பு. உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில் முதல் மனுதாரர் என்பதால் வழக்குக்கு அதன் பெயர் வந்தது. வழக்கின் பெயர் அதன் தீர்ப்பில் வகுத்த நெறிமுறைகளுக்கும், அங்கிருந்து கமிட்டிக்கும் இறங்கியது. 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் 'விசாகா கமிட்டி' என்ற தொடர் கிடையாது. 'புகார்க் குழு' என்று மட்டுமே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கிடையாது. சட்டப் புத்தகம் வைக்காத பெயரை மக்கள் வைத்து, கால் நூற்றாண்டாக விடாமல் வழங்கி வருகிறார்கள்.

அந்தப் பெயர் வந்த வழி நீளமானது. முதலில் அது வானத்தில் இருந்தது. இருபத்தேழு நாள்மீன்களில் பதினாறாவது விசாகம். வடமொழியில் 'சாகா' என்றால் கிளை. 'வி' முன்னே சேர்ந்தால் கிளை பிரிந்தது, கவைத்தது. முழுநிலவு இந்த மீனை ஒட்டி வரும் மாதம் வைசாகம். அதுவே தமிழில் வைகாசி, பஞ்சாபில் வைசாக், சிங்களத்தில் வெசாக். தமிழ் நிகண்டுகளில் இந்த நாளுக்குச் 'சுளகு' என்றும் ஒரு பெயர். நமக்கு விசாகம் என்றதும் முருகன் நினைவுக்கு வருவான், அவனே விசாகன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதிய விசாகப்பெருமாளையரும் அந்த வழியில் பெயர் பெற்றவர். ஆகத் தமிழ்க் காதுக்கு இது பெரும்பாலும் ஆண் பெயர். கடைசியில் 'ஆ' நீண்டு 'விசாகா' என்று வரும்போதே இது வடக்கிலிருந்து வந்த பெயர் என்று தெரிந்துவிடுகிறது.

வடக்கில் இதற்கு வேறொரு மணம். அமரகோசம் விசாகத்துக்கு ராதா என்று இன்னொரு பெயர் தருகிறது. ராதாவை அடுத்து வரும் மீன் அனுராதா, நம்முடைய அனுஷம். பிற்கால வைணவ மரபில் ராதையும் விசாகாவும் தனித்தனிப் பெண்களாகிறார்கள். லலிதா, விசாகா என்று ராதையின் நெருங்கிய தோழிகளை வரிசைப்படுத்தும்போது விசாகா இரண்டாவதாக நிற்பாள். பிரஜ பூமியிலும் ராஜஸ்தானிலும் அந்தப் பெயரைக் கேட்பவர்களுக்குத் தோழி என்ற நினைவு தானாக வரும். தோழி என்ற இந்தப் பொருள் பின்னால் வேறொரு சொல்லோடு வந்து சேரும்.

பெயர் ஒரு வரலாற்றுப் பெண்ணுக்கு உரியதாகப் புகழ்பெற்றது பௌத்தத்தில். அங்க நாட்டில் பிறந்து, சாவத்தி நகரத்து மிகாரன் என்ற செல்வரின் மகனுக்கு வாழ்க்கைப்பட்ட விசாகை, புத்தரின் இல்லறப் பெண் சீடர்களில் முதலிடம் பெற்றவள். தன் நகையின் பெறுமானத்தைக் கொடுத்து நகரின் கிழக்கே பூர்வாராம விகாரையை எழுப்பியவள். கொழும்பில் 1917-ல் தொடங்கிய பௌத்தப் பெண்கள் பள்ளி விசாகா வித்தியாலயம் என்று வழங்குவது இவள் பெயரால்தான். தம்மபதத்துக்கு எழுந்த பாலி உரை இவள் கதையை விரிவாகச் சொல்கிறது. அதில் நம் விஷயத்துக்கு நேரே வந்து விழும் ஒரு பகுதி உண்டு.

மாமனார் பொற்கிண்ணத்தில் பாயசம் உண்டுகொண்டிருக்கிறார். வாசலில் ஒரு பிக்கு பிச்சைக்கு வந்து நிற்கிறார். மாமனார் வேறு சமயத்தவர். பார்த்தும் பாராதவர்போல் உண்கிறார். விசிறிக்கொண்டிருந்த விசாகை, சுவாமி, மேலே போங்கள், என் மாமனார் பழையதை உண்கிறார் என்கிறாள். மிகாரனுக்குக் கோபம் தலைக்கேறி, இவளை வீட்டைவிட்டுத் துரத்துங்கள் என்று ஆள்களுக்குக் கட்டளையிடுகிறார். விசாகை அசையவில்லை. ஆற்றங்கரையில் பிடித்து வந்த அடிமையா நான் என்று கேட்கிறாள். என் மீது குற்றம் வந்தால் விசாரிப்பதற்கென்றே என் தகப்பனார் எட்டுக் குடும்பத் தலைவர்களிடம் என்னை ஒப்படைத்திருக்கிறார், அவர்களை அழையுங்கள் என்கிறாள்.

எட்டுப் பேரும் வந்து உட்காருகிறார்கள். குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. பழையது என்றது முற்பிறவிப் புண்ணியத்தின் பலனை. இப்போது புதிதாக எதையும் தேடவில்லையே என்ற பொருளில் சொன்னேன் என்கிறாள். குற்றமில்லை என்கிறது குழு. நடு இரவில் வீட்டின் பின்கட்டுக்குப் போனாளே என்கிறார் மாமனார். தொழுவத்தில் குதிரை ஈன்றுகொண்டிருந்தது, விளக்கோடு உதவப் போனேன் என்கிறாள். அதிலும் குற்றமில்லை. அடுத்து, மணமகளாகப் புறப்பட்ட அன்று தகப்பனார் சொல்லியனுப்பிய பத்து அறிவுரைகளைக் கிளப்புகிறார். முதலாவது, வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கக் கூடாது என்பது. அக்கம்பக்கத்தார் நெருப்புக் கேட்டால் கொடுக்காமல் எப்படி என்பது மாமனாரின் கேள்வி. மாமியார் மாமனார் குறைகளைப் பிறர் வீட்டில் போய்ப் பேசக் கூடாது என்பதே அதன் பொருள் என்று விசாகை விளக்குகிறாள். எட்டுப் பேரும் அவளைக் குற்றமற்றவள் என்று தீர்த்ததும் விசாகை சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. துரத்தியபோது போகவில்லை; இப்போது குற்றமில்லை என்று ஆகிவிட்டது, இனி நானே போகிறேன் என்று வண்டி கட்டச் சொல்கிறாள். மாமனார் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து வந்த உறுப்பினர்கள், குற்றச்சாட்டைக் கூறு கூறாகப் பிரித்துக் கேட்டது, பெண்ணின் விளக்கத்தைப் பதிவு செய்தது, முடிவைச் சொன்னது என்று ஒரு விசாரணைக் குழுவுக்கு வேண்டிய எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன. பெண் உறுப்பினர் மட்டும் ஒருவரும் இல்லை. அப்புறம் அந்த வீட்டு நெருப்பு. நிறுவனத்தின் மானம் போய்விடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம் என்று இன்றைக்கு ஒரு பெண்ணிடம் சொல்லும் ஒவ்வொரு மேலதிகாரியும் விசாகையின் தகப்பனாருடைய முதல் அறிவுரையைத்தான் சொல்கிறார்.

தமிழிலும் ஒரு விசாகை உண்டு. மணிமேகலையின் சிறைசெய் காதையில் வருகிறாள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலப் பெண். தருமதத்தன் என்ற உறவுமுறை இளைஞனோடு அவளைச் சேர்த்து ஊர் வம்பு பேசியது. அவள் அழுதுகொண்டு வீட்டில் முடங்கவில்லை. பேசும் ஆற்றல் கொண்ட பாவைத் தெய்வத்தின் முன் போய் நின்று, ஊராருக்கு உண்மையைச் சொல் என்றாள். தெய்வம் அவள் பக்கம் சாட்சி சொன்னது. அதன் பிறகும் இந்தப் பிறவியில் அவனை மணப்பதில்லை என்று கன்னிமாடம் புகுந்தாள். இதோடு கதை முடியவில்லை. நகரை ஆண்ட ககந்தனின் மகன்களில் ஒருவன் தெருவில் விசாகையைப் பார்த்தான். தன் தலையிலிருந்த மாலையை எடுத்து அவள் கழுத்தில் போடக் கையை உயர்த்தினான். உயர்த்திய கை இறங்கவில்லை. செய்தி கேட்ட ககந்தன் மகனைத் தன் வாளாலேயே வெட்டினான்.

அதே காதையில் ககந்தனின் இன்னொரு மகன் மருதி என்ற பெண்ணிடம் நடந்துகொண்டதும் வருகிறது. காவிரியில் நீராடிவிட்டுத் தனியே திரும்பியவளை அவன் தன்னோடு வரச் சொல்லி அழைக்கிறான். அவள் சதுக்கப்பூதத்திடம் போய், தீயவரைக் கட்டி அடிப்பதாகச் சொல்கிறாயே, இவனை ஏன் விட்டாய் என்று முறையிடுகிறாள். பூதம் முதலில் அவளிடமே குறை காண்கிறது. நீ பொய்க்கதைகள் கேட்டாய், கூத்தும் விழாவும் விரும்பினாய், அதனால் உன் கற்புக்கு மழையை அழைக்கும் வலிமை இல்லை என்கிறது. பிறகுதான், ஏழு நாளில் அரசன் தண்டிப்பான் என்ற வாக்கு வருகிறது. புகார் கொடுக்க வந்தவளின் பொழுதுபோக்கை விசாரிக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சாத்தனார் காலத்து நகரத்தில் கெடு ஏழு நாள் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்றைய சட்டத்தில் விசாரணைக்கு மட்டும் 90 நாள்.

ஜெய்ப்பூர் அமைப்பினர் எந்த விசாகாவை மனத்தில் வைத்துப் பெயர் சூட்டியிருந்தாலும் இத்தனை விசாகாக்களும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த இடம் ஜெய்ப்பூருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பதேரி கிராமம். அங்கே பன்வாரி தேவி என்ற குயவர் குலப் பெண். 1984-ல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் மறு ஆண்டே சேர்ந்தவர். அந்தத் திட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் நியமித்த பெண்களுக்குச் 'சாத்தின்' என்று பெயர். 'சாத்தி' என்றால் துணைவன், கூட வருபவன். அதன் பெண்பால் சாத்தின், அதாவது தோழி. அரசாங்க ஊழியர் என்றால் முழுச் சம்பளம் தர வேண்டும். தோழிக்கு மதிப்பூதியம் போதும்.

ராஜஸ்தானில் அட்சய திருதியையன்று குழந்தைக் கல்யாணங்கள் கூட்டங்கூட்டமாக நடப்பது வழக்கம். வைசாக மாதத்து வளர்பிறை மூன்றாம் நாள் அது. 1992-ல் அந்த நாளை ஒட்டி, குழந்தைத் திருமணங்களைத் தடுக்க வேண்டும் என்று சாத்தின்களுக்கு அரசு உத்தரவு போட்டது. பதேரியில் செல்வாக்குள்ள குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தைக்குக் கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. பன்வாரி தடுக்கப் பார்த்தார், போலீஸ் வந்து போனது. கல்யாணம் எப்படியும் நடந்துவிட்டது. ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அவர் செய்த பானைகளை வாங்க ஆள் இல்லாமல் போனது. செப்டம்பர் 22 மாலை, கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஐந்து பேர் வந்தார்கள். கணவரை அடித்துப் போட்டுவிட்டு பன்வாரியைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். மருத்துவப் பரிசோதனை இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போனது. காவல் நிலையத்தில் சாட்சியமாக அவர் பாவாடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கணவரின் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் இரவில் ஊர் திரும்பினார். 1995 நவம்பர் 15 அன்று விசாரணை நீதிமன்றம் ஐந்து பேரையும் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற ரீதியில் போன அந்தத் தீர்ப்பு நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சம்பவம் நடந்து பதினைந்து ஆண்டு கழிந்தும் ஒரே ஒரு முறைதான் அது விசாரணைக்கு வந்திருந்தது; அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள்.

குற்ற வழக்கு இப்படி ஒரு பக்கம் கிடக்க, பெண்கள் அமைப்புகள் 1992-லேயே வேறு ஒரு கேள்வியோடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தன. ஒரு பெண் வேலை பார்த்ததால் இந்தக் கொடுமைக்கு ஆளானாள் என்றால், அவளை அந்த வேலைக்கு அனுப்பியவரின் பொறுப்பு என்ன? மனுக்களின் எண் 666 முதல் 670 வரை, மனுதாரர்கள் ஐந்து பேர்: விசாகா, மகிளா புனர்வாஸ் சமூகம், ராஜஸ்தான் தன்னார்வ சுகாதாரச் சங்கம், டெல்லியின் பெண்ணியப் பதிப்பகமான காளி ஃபார் விமன், ஜாகோரி. முதலில் இருப்பவர் பெயரால் வழக்கை அழைப்பது நீதிமன்ற மரபு. மற்றவர்கள் 'மற்றும் பிறர்' ஆகிவிடுவார்கள். 'விசாகா மற்றும் பிறர் எதிர் ராஜஸ்தான் மாநிலம்.' வரிசை கொஞ்சம் மாறி நான்காவது பெயர் முதலில் வந்திருந்தால் இன்று நம் அலுவலகங்களில் காளி கமிட்டி உட்கார்ந்திருக்கும். சில மேலதிகாரிகளுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பயம் கொடுத்திருக்கும் என்று தோன்றுகிறது. வழக்குத் தலைப்பில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' குறைந்து, அமைப்பின் பெயர் கொஞ்சம் நசுங்கிப் போனது. ஒரே ஒரு 'க' வைத்திருக்கும் தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

தீர்ப்பு வந்த நாள் 1997 ஆகஸ்ட் 13. தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் கொண்ட அமர்வு. தீர்ப்பைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் ஒரு சமூகப் பணியாளருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் கொடுமை என்ற அளவில் ஒரு வாக்கியம் வருகிறது. அதன் விவரங்களுக்குள் போகத் தேவையில்லை என்று நீதிமன்றம் நகர்ந்துவிடுகிறது. பன்வாரியின் பெயர் இல்லை. அவருடைய முதலாளி என்ற முறையில் ராஜஸ்தான் அரசின் பொறுப்பு பற்றியும் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பெயர் ஜெய்ப்பூரின் அமைப்புக்குப் போனது. பன்வாரி வாழ்க்கையை வைத்து 2000-ல் வந்த 'பவண்டர்' என்ற இந்திப் படமும் நாயகிக்கு வேறு பெயரையே வைத்தது. விசாகா என்றதும் அது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் என்று நம்மவர்கள் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்திருக்க வேண்டும்.

தீர்ப்பின் பெரிய காரியம் வேறு இடத்தில் இருக்கிறது. அதுவரை பணியிடத்தில் ஒரு பெண்ணுக்கு நேரும் தொல்லைக்குச் சட்டத்தில் இருந்த இடம் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 354, 509-ஆம் பிரிவுகள். அவை பேசியது பெண்ணின் நாணத்துக்கு நேரும் பங்கத்தைப் பற்றி. நம் பத்திரிகைகள் அதை 'மானபங்கம்' ஆக்கின. மானம் பங்கப்பட்டது யாருக்கு என்று கேட்டால், பெண்ணுக்கு. சற்று லேசான காரியமென்றால் 'சில்மிஷம்'. அந்தச் சொல்லில் ஒரு சிரிப்பு கேட்கும். தெருவில் என்றால் 'ஈவ் டீசிங்'. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஒரு சட்டமே வந்தது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததை அடுத்து இயற்றிய சட்டத்தின் பெயர் ஈவ் டீசிங் தடைச் சட்டம். ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த காரியத்துக்குக் கேலி என்ற பெயரா என்று பலருக்கும் உறுத்தியது. 2002-ல் பெயரை மாற்றிப் பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம் ஆக்கினார்கள். விசாகா தீர்ப்பு மானத்தையும் நாணத்தையும் ஒதுக்கிவிட்டு, அவள் விரும்பினாளா இல்லையா என்ற ஒன்றை அளவுகோலாக வைத்தது. விரும்பாத தொடுகை, பாலுறவுக்கு வற்புறுத்தல், பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், அந்த வகையான வேறு எந்த நடத்தையும் பாலியல் துன்புறுத்தலே. அரசியல் சட்டத்தின் 14, 15, 19, 21-ஆம் பிரிவுகளையும், இந்தியா 1993-ல் ஏற்ற பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையையும் துணைக்கு வைத்துக்கொண்டு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை இந்த நெறிமுறைகளே சட்டம் என்று நீதிமன்றம் அறிவித்தது.

நாடாளுமன்றம் அதற்கு எடுத்துக்கொண்ட காலம் 16 ஆண்டு. பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்தத் தாமதமே காரணம். சட்டம் இருந்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லலாம். இங்கே இருந்தது ஒரு வழக்கு; அதன் தலைப்பில் முதல் சொல் விசாகா. பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளிலும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளிலும் பெண்கள் அமைப்புகளின் கூட்டங்களிலும் அந்த ஒரு சொல் ஒரு முழுச் சட்டத்தின் வேலையைப் பார்த்தது. ஒரு தலைமுறையே அப்படிப் பேசிப் பழகிவிட்டது.

2013-ல் சட்டம் வந்தது: பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கவும் தடைசெய்யவும் தீர்க்கவுமான சட்டம். இவ்வளவு நீளப் பெயரை வாயில் வைத்துப் பேச முடியாது. ஐ.டி. கம்பெனிகள் அதன் ஆங்கிலப் பெயரைக் குறுக்கி 'போஷ்' ஆக்கின. போஷான ஏரியா, போஷான கார் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த அதே ஒலி. ஆண்டுக்கொரு முறை கணினித் திரையில் கேள்விகளுக்குப் பதில் தட்டி முடித்துவிட்டு 'போஷ் ட்ரெயினிங் முடிஞ்சாச்சு' என்பது அங்கே வழக்கு. அரசு அலுவலகம், கல்லூரி, காவல்துறை, செய்தித்தாள் பக்கம் வந்தால் 'விசாகா'. நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் வெறும் 'கமிட்டி'. ஒரே சட்டத்தைச் சம்பளத்துக்கு ஏற்ற மூன்று பெயரில் அழைக்கிறோம். மூன்றாவது இடத்தில்தான் நிலைமை மோசம். 2021 தொடக்கத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று 2022 ஏப்ரலில் வெளிநாட்டு ஆடை நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தைப் போராடிப் பெற்றது. அதன் பெயர் திண்டுக்கல் ஒப்பந்தம். அதுவும் அந்தப் பெண்ணின் பெயரால் இல்லை, ஊர்ப் பெயராலேயே நிற்கிறது.

பெயர் எதுவானால் என்ன, வேலை நடந்தால் சரி என்று சொல்லலாம். நானும் அப்படி விட்டிருப்பேன், கூட வரும் வினைச்சொல்லைக் கவனிக்காமல் இருந்திருந்தால். 'விசாகா கமிட்டி அமைக்கப்பட்டது.' புகார் வந்தது, பரபரப்பானது, பிறகு கமிட்டி அமைந்தது என்பதே நம் செய்திகள் சொல்லும் வரிசை. ஹேமா கமிட்டி, மண்டல் கமிஷன் மாதிரி இதையும் ஒரு சம்பவத்துக்காகப் போடும் தற்காலிக ஏற்பாடாக நினைக்க வைத்ததில் பெயருக்குப் பங்கு உண்டு. சட்டம் சொல்வது நேர் எதிரானது. பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் இந்தக் குழு புகாருக்கு முன்பே இருக்க வேண்டும், எழுத்து மூலமான ஆணையோடு. தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியாள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. குழு இல்லையென்றால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் அதே குற்றமென்றால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகவும் இடம் உண்டு. ஆக, 'விசாகா கமிட்டி அமைக்கப்பட்டது' என்று ஒரு நிறுவனம் பெருமையாக அறிக்கை விட்டால், அதுவரை தாங்கள் சட்டத்தை மீறிக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று பொருள். செய்தியாளர்கள் யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.

சட்டம் அதற்கு வைத்த பெயர் 'உள்ளகப் புகார்க் குழு'. 2016-ல் ஒரு திருத்தச் சட்டம் நடுவிலிருந்த 'புகார்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. இப்போது வெறும் உள்ளகக் குழு. யாருக்கும் தெரியாமல் நடந்த மாற்றம் அது. ஓர் அரசு அலுவலகத்தின் மாடிப்படி ஓரத்தில் கண்ணாடி போட்ட பலகை ஒன்றைப் பார்த்தேன். பழைய பெயரே இருந்தது. தலைவர் பெயர் மீது வெள்ளைக் காகிதம் ஒட்டி வேறு பெயர் எழுதியிருந்தார்கள், அதுவும் மங்கிப் போயிருந்தது. வெளி உறுப்பினர் என்ற வரிசையில் பெயர் இல்லை, கைப்பேசி எண் மட்டும் இருந்தது. பலகைக்கு முன்னால் ஒரு தண்ணீர் கேன்.

உள்ளகம் என்ற அடைமொழி எனக்கு உறுத்தல். குற்றம் சாட்டப்படுபவர் மேலதிகாரி. விசாரிப்பவர்களுக்குச் சம்பளம் தருவதும் அதே நிறுவனம். இந்தச் சங்கடத்தை உரத்துச் சொன்னவர் நீதிபதி வர்மாவே. டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு அவர் தலைமையில் அமைந்த குழு 2013 ஜனவரி 23 அன்று கொடுத்த அறிக்கை, நிறுவனத்துக்கு உள்ளேயே விசாரிப்பது பெண்களைப் புகார் கொடுக்க விடாது என்று சொல்லி, தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்றது. விசாகா தீர்ப்பில் புகார்க் குழுவைக் கொண்டுவந்தவரே பதினாறு ஆண்டில் அடைந்த முடிவு அது. மக்களவையில் ஏற்கெனவே நிறைவேறியிருந்த மசோதா பிப்ரவரி 26 அன்று மாநிலங்களவையிலும் அந்த மாற்றம் இல்லாமலே நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது ஏப்ரல் 22 அன்று. வர்மா இறந்ததும் அதே நாளில்.

உள்ளகக் குழு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்கு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், நாலு பேர் வேலை பார்க்கும் தையல் கடையில் இருக்கும் பெண்ணுக்கும், முதலாளியே குற்றவாளியான இடத்தில் இருப்பவளுக்கும் சட்டம் வேறொரு குழு வைத்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று, அதன் பெயர் உள்ளூர்க் குழு. அந்தப் பெயரை நான் இதுவரை எந்தச் செய்தியிலும் கண்டதில்லை. பன்வாரி போன்ற ஒருவர் சட்டத்தில் எங்கே வருவார் என்று தேடினால் விடை பெயர்களில் கிடைப்பதில்லை, வரையறைப் பகுதியில் கிடைக்கிறது. 'ஊழியர்' என்றால் நிரந்தரமோ தற்காலிகமோ, தினக்கூலியோ ஒப்பந்தமோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ, தன்னார்வமாகவோ வேலை செய்யும் எவரும். 'பணியிடம்' என்றால் வேலை நிமித்தமாக அவர் போகும் எந்த இடமும். மதிப்பூதியத்துக்கு வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலரும், கிராமத்துக் கணக்கெடுப்புக்குப் போகும் பெண்ணும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். சாத்தினும் வந்துவிடுகிறார்.

இவர்கள் புகாரை வாங்குவதற்கு வட்டாரத்துக்கும் நகர வார்டுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் அதை ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 9. மாவட்ட அலுவலர்களையும் வட்டாரப் பொறுப்பு அலுவலர்களையும் நியமியுங்கள், உள்ளூர்க் குழுக்களை அமையுங்கள் என்று மாநிலங்களுக்குக் கெடு வைத்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 டிசம்பர் 3 அன்று.